பூனையைத் தூக்கிவந்த பிள்ளையை அடிக்காதீர்கள்

பெற்றோரே, உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாம் பிள்ளை வளர்ப்பது மேல்சித்தாமூரில். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தக் கதையை நாம்தான் அவர்களுக்குச் சொன்னோம். தவசி ஒருவர் மூட்டிய தீயில் எரிந்துகொண்டிருந்த கட்டைக்குள் பாம்புகள் சிக்கியிருப்பதை இளவரசராக இருந்த பார்சுவர் அறிகிறார். கட்டையைப் பிளக்கச் செய்கிறார். கருகிக் குற்றுயிராகக் கிடந்த அவற்றுக்கு மந்திரம் ஓதுகிறார். அவை தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்து, பின்னொரு நாள் மழையிலும் கல்மாரியிலும் அவருக்கே குடையாக நிற்கின்றன. சிலையின் தலைக்குமேல் விரிந்த படத்தைக் கைகாட்டி, "பார்த்தியா, பாம்புக்கே இரங்கினவரு" என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை கண்ணை அகல விரித்துக் கேட்டது.

அதே பிள்ளை ஒருநாள் சாயங்காலம், கண்ணில் சீழ் கட்டிய பூனைக்குட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "சீ, கீழ போடு! சொறி ஒட்டிக்கும்" என்று கத்துகிறோம். முதுகில் ரெண்டு வைக்கிறோம். "எடுத்த எடத்துலயே விட்டுட்டு வா" என்று துரத்துகிறோம். கோயிலில் கேட்ட இரக்கம் கோயிலோடு நிற்க வேண்டியது, வீட்டு வாசற்படி ஏறக்கூடாதது என்று அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து காசிக்குக் கொண்டுபோனாலும் பாவம் தீராது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் கொல்வதில்லை. கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வண்டியில் வைத்து, ஏரிக்கரைக்கோ திண்டிவனம் சாலைக்கோ கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வருகிறோம். கண் தெரியாத, எழுந்து நிற்க முடியாத ஒன்றை அங்கே விட்டால் நாயும் பசியும் செய்யப்போவதை நாம் அறியாதவர்களா? கை நம்முடையதாக இல்லை என்பதால் பாவமும் நம்முடையதாகாது என்று கணக்குப் போடுகிறோம். பெரும்பாலும் வண்டியின் பின்னால் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறோம்.

பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் என்று தெரிந்தே ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இந்தக் காலத்தில் ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. சட்டம் வந்து நம் பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்றுத்தரும் என்று காத்திருக்க முடியாது. உயிர்களிடம் பரிவு காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் 1976இல் சேர்த்தார்கள். அந்தக் கடமை தொடங்க வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணை.

"அதன் வினை, அது அனுபவிக்குது. நாம என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிற பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வினை என்ற பேச்சு நம் ஊரில் சும்மா வருவதல்ல. ஆனால் எரிகிற கட்டைக்கு முன்னால் நின்றபோது பார்சுவர் அதைச் சொல்லவில்லை. கட்டையைப் பிளக்கத்தான் சொன்னார். சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவர். அவருடைய காவியத்தில், அந்தணர்களின் சோற்றைத் தொட்டுவிட்டது என்பதற்காக அடிபட்டு உயிர் ஊசலாடக் கிடக்கிறது ஒரு நாய். நீர்விளையாட்டுக்குப் போன இடத்தில் அதைப் பார்த்த சீவகன், கொண்டாட்டத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து காதில் மந்திரம் சொல்கிறான். அந்த நாய்தான் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகி, அதன்பின் அவனுக்குத் துணையாக வருகிறது. பிற உயிரின் வினையைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்ள நம் மரபில் இடம் இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களையும் பாறையில் செதுக்கிய குன்று. சந்திரநந்தி என்ற ஆசிரியர் அங்கே 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அது அறிவோடும் உறுதியோடும் அவர் எடுத்த முடிவு. தெருவில் கிடக்கிற பூனையின் பட்டினி அப்படி வந்ததல்ல. மூக்கடைத்து வாசனை தெரியாமல் போனதால் வந்தது. பூனை பெரும்பாலும் வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்துவிட்டால் தட்டில் மீனே இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதன் உடம்பும் நோன்பு தாங்குகிற உடம்பு இல்லை. சில நாள் தொடர்ந்து உள்ளே ஒன்றும் போகாவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரலே கெட்டுவிடும். நன்றாகக் கொழுத்திருந்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். "ரெண்டு நாள் பார்ப்போம், தானா எழுந்துக்கும்" என்று நாம் தள்ளிப்போடுவது அந்த இரண்டு நாளைத்தான்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐந்தாவது படிக்கிற பையன். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தான். ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் தங்கைக்கு வாங்கிவைத்திருந்த காய்ச்சல் சிரப். "உடம்பு சுடுது பெரியம்மா, இதக் குடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

நல்லவேளை, கேட்டான். பூனையின் இயல்பான உடல்சூடே ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். ஆரோக்கியமான பூனையைத் தொட்டாலும் நம் கைக்குக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். நாம் கொடுக்கிற பாராசிட்டமால் அதற்கு விஷம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் இல்லை என்றே சொல்லலாம். ரத்தத்தின் சிவப்பணுக்களால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவும் நீலமாகவும் மாறும், முகம் வீங்கும், மூச்சு திணறும். வளர்ந்த பூனையைக் கொல்ல ஒரு மாத்திரை போதும். அந்தப் பையன் அன்பினாலேயே அதைக் கொன்றிருப்பான். பெரியவர்கள் துரத்திவிட்டதால் ஒளிந்து ஒளிந்து வைத்தியம் பார்க்க வேண்டிய நிலைமை அவனுக்கு.

பூனையின் காது ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பொருக்கு தடித்துக் கிடந்தது. அந்தப் பொருக்கு நெற்றிக்கும் இமைக்கும் இறங்கியிருந்தது. ஒரு வகை உண்ணி தோலுக்குள் துளைபோட்டுக் குடியிருப்பதால் வருகிற சொறி அது. இரண்டு கண்ணும் சீழால் ஒட்டியிருந்தன. பிடரித் தோலை லேசாகத் தூக்கி விட்டேன். உடனே படியாமல் மெல்ல மெல்லத்தான் கீழே இறங்கியது. உடம்பில் நீர் வற்றிவிட்டதற்கு அடையாளம். ஈறு வெளிறியிருந்தது. "பெரியம்மா, இது செத்துடுமா?" என்றான். "சாகலாம். நாம சும்மா இருந்தா கண்டிப்பா செத்துடும்" என்றேன்.

அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டோம். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். சோர்ந்து கிடக்கிற உயிருக்கு முதலில் தேவை கதகதப்பு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது வாயில் எதையும் ஊற்றினால் குடல் ஏற்காது, புரையேறியும் போகும். காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணின் சீழை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தோம். பிய்த்து எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் தோலுக்கடியில் நீர் ஏற்றினார், எடை பார்த்துச் சொறிக்கு ஊசி போட்டார், கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் உணவைக் கரைத்து, பூனையை நிமிர்ந்தபடி உட்காரவைத்து, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாக ஊட்டும் முறையையும் காட்டினார். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்.

பையன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்குத்தான் வருவான். பொருக்கு தகடு தகடாக உதிர்ந்தது. ஒருநாள் பூனை தன் முன்காலைத் தானே நக்கித் துடைத்தது. நோயில் கிடக்கிற பூனை முதலில் விடுவது இந்தப் பழக்கத்தைத்தான். அதனால் அது திரும்பி வந்தால் உயிர் தங்கிவிட்டது என்று நம்பலாம். ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, இன்னொரு கண் தப்பியது. பையனுக்குச் சொறியும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கைகழுவப் பழகிக்கொண்டான். வகுப்பில் அவ்வளவாகப் பேசாத பையன், ஒரு உயிரின் மருந்து நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்தான். இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். அதில் பாதி நியாயமும் இருக்கிறது. வெறிநோய் பூனை மூலமாகவும் வரும். அதனால்தான் பிள்ளையை அடிக்காமல் பழக்க வேண்டும் என்கிறேன். தெருவில் நோயோடு கிடக்கிற எதையும் பிள்ளை தானாகத் தொடக்கூடாது, ஓடிவந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கூப்பிட்டால் வருவோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை கூப்பிடும். தடித்த துண்டால் போர்த்தித் தூக்க வேண்டியது உங்கள் கை. எச்சில் ஒழுகுகிற, காரணமில்லாமல் பாய்கிற, கால்கள் இழுத்துக்கொண்ட விலங்கை நீங்களும் தொடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். கடியோ பிறாண்டலோ பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். "வீட்டுல தெரிஞ்சா அடிப்பாங்க" என்று பூனை பிறாண்டியதை மறைக்கிற பிள்ளைதான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறது.

படர்தாமரை பூனையிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டும், ஆனால் மருந்தால் தீரும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம், வேறொருவர் தினமும் அள்ளட்டும். அந்த மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றுகிற பக்குவத்துக்கு வரவே குறைந்தது ஒரு நாள் ஆகும். அன்றாடம் சுத்தம் செய்தால் அந்தப் பயம் பெருமளவு போய்விடும். நோய்ப்பூனையைக் கைக்குழந்தையிடமிருந்தும் வீட்டில் இருக்கிற மற்றப் பூனைகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள். கொட்டகை ஓரம், மாடிப்படிக்கு அடி, எங்காவது ஒரு பெட்டி வைக்கிற இடம் போதும்.

கைவைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவது, அந்துருண்டையைப் பொடித்துப் போடுவது, சொறிக்குப் பினாயில் கலந்து குளிப்பாட்டுவது எல்லாம் பூனைக்கு நஞ்சு. பூசியதை அது நக்கும், நக்கியது வயிற்றுக்குப் போகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொல்லும். பசும்பால் ஊற்றுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். பெரும்பாலான பூனைகளுக்கு அது செரிக்காது, கழிச்சல் வந்து இருக்கிற நீரும் போய்விடும்.

"எங்க வீட்ல கவிச்சி வராது, பூனைக்கு எப்படிச் சோறு போடுறது?" இந்தக் கேள்வி நம் ஊரில் நேர்மையான கேள்வி. பூனை புலியின் இனம். அதற்கு டாரின் என்கிற சத்து வேண்டும். அது பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. பூனையின் உடம்பு தானாக அதைப் போதுமான அளவு செய்துகொள்ளாது. அந்தச் சத்து இல்லாவிட்டால் விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1970களில் கண்டார்கள், இதயம் வீங்கிப் பழுதாகும் என்று 1987இல் கண்டார்கள். தயிர்ச்சோற்றிலேயே ஒரு பூனையை வாழ்நாளெல்லாம் வைத்திருப்பது அதற்குச் செய்கிற நன்மை ஆகாது. கடையில் விற்கிற பூனைத்தீனியில் டாரின் சேர்த்திருக்கிறார்கள், சமையலறைக்குள் கொண்டுவராமல் திண்ணையிலேயே வைத்துப் போடலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையா, அசைவம் சமைக்கிற பக்கத்து வீட்டோடு பேசுங்கள். மருந்து உங்கள் பொறுப்பு, தீனி அவர்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர சமணர் கோயிலில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடக்கிறது. இறைச்சி தின்கிற பருந்து வந்தாலும் மருந்து போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம் விரதத்தைக் காத்துக்கொண்டே பிற உயிரையும் காக்க வழி இருக்கிறது. தேடுகிற மனம் வேண்டும்.

காசு இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பூனைக்குச் செலவு செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அரசு கால்நடை மருந்தகங்களில் வைத்தியம் கிட்டத்தட்ட இலவசம். 2024இல் நம் மாநிலத்தில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் வந்திருக்கின்றன, 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதுவும் முடியாவிட்டால் நிழலில் ஒரு பெட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்க முடியும். நான் கோபப்படுவது ஏழைமீது அல்ல. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆயிரக்கணக்கில் கேக் வெட்டிவிட்டு, ஒரு சொட்டு மருந்து வாங்கக் கணக்குப் பார்க்கிறவர்கள்மீதுதான்.

எல்லாப் பூனையும் பிழைக்காது. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் வந்த குட்டிகளில் பெரும்பாலானவை, வைத்தியம் பார்த்தாலும் இறந்துவிடுகின்றன. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். படுத்திருந்த துணியை எரித்துவிட்டு, இடத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். பிள்ளையிடம் "ஓடிப்போயிடுச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கும்போது கூட நிற்கட்டும், அழட்டும். நாம் செய்யவேண்டியதைச் செய்தோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். கைவிட்டதால் வருகிற குற்ற உணர்ச்சியை ஒரு பிள்ளை நெடுநாள் சுமக்கும். காப்பாற்றப் பார்த்தும் முடியாமல்போன துக்கம் அப்படி உள்ளே இருந்து அரிக்காது.

பிழைத்துவிட்டால் அடுத்த வேலையை மறக்காதீர்கள். பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் சுமார் இரண்டு மாதம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும். கருத்தடை செய்யாமல் விட்டால் சாக்குமூட்டைகளுக்கு முடிவே வராது.

1959இல் சென்னையில், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் விமானி கேப்டன் சுந்தரம். அவரும் மனைவி உஷாவும் வீட்டிலேயே தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ். அடிபட்ட நாய்க்கும் பூனைக்கும் நடுவில்தான் அவர்களின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகன் சின்னி கிருஷ்ணா, தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைக்கும் வழிக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியானது. அந்த வீட்டில் பெற்றோர் "சீ, கீழ போடு" என்று சொல்லாததால் வந்தது இவ்வளவும்.

உங்கள் பிள்ளை பெரிய அமைப்பு எதையும் தொடங்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் நோயில் படுத்திருக்கும்போது முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையாக இருந்தால் போதாதா? சீழையும் நாற்றத்தையும் பார்த்து விலகி ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அதே பிள்ளையிடம் பணிவிடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்த முறை ஒரு நோய்ப்பூனையைப் பற்றிச் சொல்ல உங்கள் பிள்ளை ஓடிவந்தால், கையை ஓங்காதீர்கள். "எங்கே இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கூடவே நடங்கள்.